சொப்பா, செட்டா, வீட்டுக் கரண்டியா? மலையில் வளரும் குட்டிகளுக்கு ஒரு கணக்கு

குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று நீலகிரியின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் கேள்வி ஒன்றுதான். "பிள்ளைக்கு ரெண்டு வயசு ஆகப் போகுது. எந்நேரமும் கரண்டியும் கையுமா அடுப்படியிலயே நிக்கிறா. கிச்சன் செட் வாங்கலாமா? மரச்சொப்பு நல்லதுங்கறாங்களே, அது வாங்கலாமா? ஐந்நூறு ரூபாய்க்கு மேல போக முடியாது." கேட்பவர்களில் பலர் ஏற்கெனவே ஃபோனில் ஏழெட்டு செட்டைப் பார்த்துக் குழம்பியவர்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சமையல், டாக்டர், கடை என்று பெரியவர்களைப்போல் பாவனை செய்து விளையாட, மூன்று வயது வரைக்கும் வீட்டுச் சாமானும் நாலைந்து எவர்சில்வர் பாத்திரமும் போதும். மூன்றைத் தாண்டியதும் வீட்டில் கிடைக்காத ஒரு பொருளை மட்டும் காசு கொடுத்து வாங்குங்கள். பெரும்பாலும் அது டாக்டர் செட்டாக இருக்கும். மரச்சொப்பு அருமையானது, யாராவது பரிசாகக் கொடுத்தால் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். ஆளுயரப் பிளாஸ்டிக் கிச்சனுக்கு என் வரிசையில் கடைசி இடம். ஆனால் வீட்டுக்கு வீடு நிலைமை வேறு; இதற்கு நேர்மாறாக முடிவெடுப்பது சரியாக இருக்கும் வீடுகளும் உண்டு.

## எதை வைத்து எடை போடுவது

வயது. ஒரு வயதைத் தாண்டிய குழந்தை காலி டம்ளரை வாயில் வைத்துக் குடிப்பதுபோல் செய்யும். ஒன்றரை, இரண்டு வயதில் அதே டம்ளர் பொம்மையின் வாய்க்குப் போகும். இரண்டரை, மூன்றில் நறுக்குவது, அடுப்பில் ஏற்றுவது, ஊதி ஆற்றுவது, ஊட்டுவது என்று வேலைகள் கோவையாக வரும். நான்கு வயதில் ஆள் பிரிப்பார்கள்: "நீ பேஷண்ட், நான் டாக்டர், தம்பி மருந்துக் கடை."

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இரண்டு வயதுக் குழந்தைக்குப் பொருள் நிஜம்போல் இருந்தால்தான் விளையாட்டு பிறக்கும்; கரண்டி கரண்டியாகவே இருக்க வேண்டும். நான்கு வயதுக் குழந்தைக்கு ஒரு மரக்கட்டை ஃபோனாகும், ஐந்து நிமிடம் கழித்து அதே கட்டை ஊசியாகும். அதாவது, சின்னக் குழந்தைக்கு நிஜப் பொருளே வேண்டும், பெரிய குழந்தைக்கு எந்தப் பொருளும் போதும். கடையில் அடுக்கி வைத்திருக்கும் விலை கூடிய செட்டுகள் தேவைப்படும் காலம் இந்த இரண்டுக்கும் நடுவில் மிகக் கொஞ்சம்தான்.

தொண்டை. மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மையைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எந்தத் துண்டும் அந்த வயதுக்கு ஆகாது. வீட்டில் பார்க்க, டாய்லெட் பேப்பர் சுற்றியிருக்கும் அட்டைக்குழாய் போதும். அது கொஞ்சம் அகலமானது, ஆகவே சோதனை இன்னும் கடுமையாகத்தான் இருக்கும். எஸ்டேட்டிலிருந்து வளைவு வளைவாக இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நம்மவர்கள் இந்த ஒரு விஷயத்தில் துளியும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

பார்த்த வேலையா? குழந்தை தன் கண்ணால் பார்த்த வேலையைத்தான் விளையாடும். எங்கள் பக்கத்து லைனில் (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) நாலு வயதுச் சிறுமி ஒருத்தி, கதவுக் கொக்கியில் ஒரு துணிப்பையைத் தொங்கவிட்டுத் தேயிலை எடை போடுவாள். பையைக் கையால் நிதானப்படுத்தி, கண்ணைச் சுருக்கி, இல்லாத முள்ளைப் பார்த்து, "பத்து கிலோ. ஈரம் அண்ணா, ரெண்டு கிலோ கழிச்சிட்டேன்" என்பாள். இந்த விளையாட்டுக்கான செட் எந்தக் கடையிலும் இல்லை. குன்னூரில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு ரயில் ஓட்டும் பிள்ளைகள் எஞ்சினைக் கடைசி நாற்காலியில் வைப்பார்கள். மலை ரயிலின் நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுவதைத்தானே பார்த்திருக்கிறார்கள்! பெட்டிக்குப் பெட்டி கொடி பிடித்து நிற்கும் பிரேக்ஸ்மேன் ஆகத்தான் போட்டியே. சிவப்பு, பச்சைத் துணித்துண்டு இரண்டு, குச்சி இரண்டு இருந்தால் அந்த விளையாட்டு நடந்துவிடும்.

ஈரமும் குளிரும். கூடலூர், பந்தலூர் பக்கம் ஆனி, ஆடியில் வானம் விடாது. குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகை. மார்கழியில் ஊட்டிப் புல்வெளியில் உறைபனி விழும். பிள்ளைகள் வீட்டுக்குள் அடைபடும் நாட்கள் சமவெளியைவிட நமக்கு அதிகம். அதனால் இந்த வகைச் சாமானின் தேவையும் இங்கே அதிகம், அது கெட்டுப்போகும் வாய்ப்பும் அதிகம்.

மொத்தச் செலவு. விலைச்சீட்டில் இருப்பது பாதிதான். பேட்டரி, தொலைந்த துண்டு, வைக்க இடம், திருப்பி அனுப்ப முடியாத பார்சல் எல்லாம் மீதிப் பாதி.

## ஒரே பார்வையில்

| | பிளாஸ்டிக் செட் | மரச்சொப்பு | எவர்சில்வர் சொப்பு | வீட்டுச் சாமான், அட்டை |
|---|---|---|---|---|
| சுமார் விலை | டாக்டர் செட் 200–500 ரூபாய். நிற்கும் கிச்சன் 1,500க்கு மேல் | 500–1,500 ரூபாய் | 300–900 ரூபாய் | அநேகமாக ஒன்றுமில்லை |
| பொருந்தும் வயது | 3க்கு மேல் | பெரிய துண்டுகள் 2 முதல் | 3க்கு மேல். பொறுக்கி எடுத்தால் 2 முதல் | 1 முதல் |
| மழைக்காலத்தில் | பாதகமில்லை | பூஞ்சணம் பிடிக்கும் | துடைத்தால் போதும் | அட்டை ஊறிப்போகும் |
| மறைந்த செலவு | பேட்டரி, உடைசல், இடம் | பராமரிப்பு, வாங்கப் போகும் தூரம் | கூர்மையான விளிம்பு, தொலையும் மூடி | பெரியவரின் நேரம், கண்காணிப்பு |
| அடுத்த குழந்தைக்கு | சந்தேகம் | கட்டாயம் | கட்டாயம் | பாத்திரம் உண்டு, அட்டை இல்லை |

விலை கடைக்குக் கடை மாறும். சீசன் மாதங்களில் சுற்றுலாப் பயணிகள் கூடும் இடங்களில் இன்னும் கூடும்.

## பிளாஸ்டிக் செட்

இதை ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். டாக்டர் செட் என்ற ஒன்றுக்காகவே பிளாஸ்டிக்குக்கு இடம் கொடுக்கலாம். ஸ்டெதாஸ்கோப், ஊசி, காய்ச்சல் பார்க்கும் கருவி ஆகியவற்றை வீட்டில் விளையாடக் கொடுக்க முடியாது. 16 முதல் 24 மாதத்துக்குள் ஒரு பூஸ்டர், ஐந்து வயதில் இன்னொன்று என்று தடுப்பூசி வரிசை இருக்கிறது. போடுவதற்கு ஒரு வாரம் முன்பே பொம்மைக்கு ஊசி போட்டு, "வலிக்கும், ஆனா உடனே சரியாயிடும்" என்று சொல்லி விளையாடிய பிள்ளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொஞ்சம் தைரியமாக உட்காரும். நகர்ந்து நகர்ந்து போகும் வரிசையில் காத்திருக்கும்போதும் பொம்மையும் ஊசியும் கையில் இருந்தால் பொழுது போகும்.

வாங்கும்போது முதலில் ஐஎஸ்ஐ முத்திரையைப் பாருங்கள். 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் அது கட்டாயம். பொதுவான பாதுகாப்புக்கான தர எண் ஐஎஸ் 9873; பேட்டரி, மின்சாரத்தில் ஓடுவதற்கு ஐஎஸ் 15644. முத்திரையோடு "சிஎம்/எல்" என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் எந்த உற்பத்தியாளருக்குக் கொடுத்தது என்று தெரிந்துவிடும். எண் இல்லாமல் வெறும் முத்திரை மட்டும் அச்சிட்ட டப்பா வேண்டாம்.

அடுத்தது சத்தம் போடும் அடுப்பு, விளக்கு எரியும் ஸ்டெதாஸ்கோப். இவற்றில் பலவற்றில் பட்டன் பேட்டரி இருக்கும். குழந்தை அதை விழுங்கி அது உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாகப் புண்ணாக்கிவிடும். திருகாணி போட்டு மூடிய பேட்டரி அறை இல்லாத பொம்மையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். என்னைக் கேட்டால் பாவனை விளையாட்டில் சத்தத்தைக் குழந்தைதான் போட வேண்டும். "ஸ்ஸ்ஸ்" என்று அதுவே தோசை வார்க்கட்டும்.

பெரிய கிச்சனுக்கு வருவோம். அட்டைப்பெட்டியில் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு அறையும் அடுப்படியுமாக இருக்கும் வீட்டில் அதை எங்கே நிறுத்துவது? நாற்பது துண்டு என்று போட்டிருப்பதில் பாதி, கட்டை விரல் அளவு கேரட்டும் முட்டையும். அட்டைக்குழாய் சோதனையில் அவை தோற்றுப்போகும். சமவெளியைவிட இங்கே வெயிலில் புற ஊதாக் கதிர் அதிகம். திண்ணையில் கிடக்கும் மலிவு பிளாஸ்டிக் வெளுத்து, மொடமொடவென்று ஆகி, உடையும் இடம் கத்தியாக நிற்கும். உடைந்ததைச் சரிவில் எறிவதும் எரிப்பதும் கூடவே கூடாது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை மாநிலம் முழுவதும் 2019இல் தடை செய்வதற்குப் பல ஆண்டுகள் முன்பே தடை செய்த மாவட்டம் நம்முடையது. அந்த ஊரில் உடைந்த பிளாஸ்டிக் அடுப்பு ஓடையில் கிடப்பதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை.

ஆன்லைனில் வாங்குபவர்களுக்கு ஒன்று: டவுனைத் தாண்டிய சில பின்கோடுகளுக்குப் பொருள் வரும், திருப்பி எடுக்க ஆள் வராது. ஆர்டர் போடுவதற்கு முன் உங்கள் பின்கோடுக்கு ரிட்டர்ன் உண்டா என்று பாருங்கள்.

இது யாருக்குப் பொருந்தும்? மூன்று வயது முடிந்து, ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போக வேண்டியிருக்கும் குழந்தைக்கு டாக்டர் செட். இடவசதியுள்ள, இரண்டு மூன்று பிள்ளைகள் சேர்ந்து விளையாடும் கூட்டுக் குடும்பத்துக்குப் பெரிய கிச்சன்.

## மரச்சொப்பு

நமக்கு எட்டும் தூரத்தில் இரண்டு பேர்பெற்ற ஊர்கள்: தெற்கே அம்பாசமுத்திரம், வடக்கே கர்நாடகத்தின் சன்னபட்னா. இரண்டிலும் மரத்தைக் கடைசல் பிடித்து, சுழலும்போதே அரக்கை அழுத்தி வண்ணம் ஏற்றுகிறார்கள். அரக்கு நன்றாக ஏறிய சொப்பு வழவழவென்று இருக்கும், முனை உருண்டிருக்கும், குழந்தை கடித்தாலும் சிராய் வராது. அம்மி, உரல், திருகை, குடம் என்று அம்பாசமுத்திரம் செட்டில் வரும் சாமான்களில் பலவற்றை இன்றைய பிள்ளைகள் பார்த்ததே கிடையாது. அது குறை இல்லை. பாட்டி உட்கார்ந்து "இதுல மாவாட்டுவோம்" என்று சொல்லிக் கொடுக்க அது ஒரு வாய்ப்பு. ஆனால் இரண்டு வயதில் அதற்கு வேலை இல்லை, நான்கு வயதில் உண்டு.

புவிசார் குறியீடு பெற்ற பொருளை அதற்கு உரியவர்கள் செய்து விற்றாலும், கைவினைஞராகப் பதிவு செய்தவர் தானே செய்து விற்றாலும் ஐஎஸ்ஐ கட்டாயத்திலிருந்து விலக்கு உண்டு. ஆகவே முத்திரை இல்லை என்பதாலேயே அதை ஒதுக்க வேண்டாம். அதற்குப் பதில் நீங்களே சோதியுங்கள். ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேயுங்கள்; சாயம் ஒட்டினால் வைத்துவிட்டு வாருங்கள். பெயின்ட் வாசனை அடித்தாலும் அப்படியே.

மறைந்த செலவு இங்கே ஈரம்தான். தண்ணீரில் ஊறப்போடக் கூடாது, ஈரத்தோடு டப்பாவில் மூடி வைக்கக் கூடாது. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை துடைத்துக் காற்றாட வைக்காவிட்டால் உள்பக்கம், அரக்கு ஏறாத குழிவில், பச்சையாகப் பூஞ்சணம் பூக்கும். அதற்காகக் கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில் காயவைத்தால் மரம் வெடித்துவிடும். இந்தப் பக்குவத்துக்கு நேரம் இல்லாத வீட்டில் மரச்சொப்பு ஒரு வருடத்தில் பாழாகும்.

வாங்கப் போகும் தூரமும் இருக்கிறது. கூடலூர், ஊட்டிக்காரர்கள் மைசூரு, பெங்களூரு போகும்போது வாங்கிவிடலாம் என்று நினைப்பார்கள். புதிய விரைவுச்சாலை சன்னபட்னாவைச் சுற்றிக்கொண்டு போகிறது. பழைய சாலையில் இறங்கி ஊருக்குள் போனால்தான் கடைகள். திரும்பும்போது இரவு 9 மணிக்குப் பந்திப்பூர் காட்டு வழியை அடைத்து விடுவார்கள், காலை 6 வரைக்கும் திறக்க மாட்டார்கள். பொம்மைக்காக மட்டும் போகும் பயணம் அல்ல இது. போகிற வழியில் நேரம் இருந்தால் வாங்கலாம்.

இது யாருக்குப் பொருந்தும்? பல வருடம் நிற்கும் பரிசு கொடுக்க நினைக்கும் தாத்தா பாட்டிக்கு, தம்பி தங்கை பிறக்கப்போகும் வீட்டுக்கு, காய்ந்த காற்றோட்டமான அலமாரி உள்ளவர்களுக்கு.

## எவர்சில்வர் சொப்பு

ஐந்நூறு ரூபாயை என் கையில் கொடுத்து, மூன்று வயதுப் பிள்ளைக்கு வாங்கச் சொன்னால், டாக்டர் செட் போக மீதிக்கு நான் எடுப்பது இதைத்தான். கோயில் திருவிழாக் கடைகளில் கிடைக்கும். சித்திரையில் ஊட்டி மாரியம்மன் தேர், குன்னூர் தந்தி மாரியம்மன் திருவிழா சமயத்தில் தேடிப் போகவே வேண்டியதில்லை. கோவைக்கோ மேட்டுப்பாளையத்துக்கோ இறங்கும் வேலை இருந்தால் பாத்திரக் கடையில் கேளுங்கள். செட்டாக வாங்காமல் தனித்தனியாகப் பொறுக்கித் தருபவர்களும் உண்டு.

நல்ல சொப்பு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். உள்ளங்கை அளவு இட்லிப் பானை. மூடியைத் திறந்தால் உள்ளே குட்டித் தட்டு, தட்டில் குழிகள், குழிகளில் ஆவி போக ஓட்டை. மூடி நிஜமாகவே பொருந்தி உட்கார வேண்டும். குழந்தை அந்த மூடியைத் திறந்து மூடியே அரை மணி நேரம் இருக்கும். ஈர மண்ணையோ மாவு உருண்டையையோ குழியில் வைத்து எடுத்தால் இட்லி இட்லியாகவே வரும். இதைப் பார்த்த பிள்ளையின் முகம் வேறு மாதிரி ஆகிவிடும். பிளாஸ்டிக் செட்டில் இட்லி ஏற்கெனவே தட்டோடு ஒட்டி இருக்கும், செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

பார்க்க வேண்டியது விளிம்பு. விரலை ஒரு சுற்று ஓட்டுங்கள். உள்ளே மடித்து உருட்டியிருக்க வேண்டும். தகரத்தை வெட்டி அப்படியே விட்ட மலிவு ரகம் கையைக் கிழிக்கும். மூடியின் குமிழ் ஆடுகிறதா என்றும் பாருங்கள், கழன்றால் அது நேரே வாய்க்குப் போகும். இரண்டு வயதுக்காரருக்கென்றால் சொப்பு அளவில் வேண்டாம். பாத்திரக் கடையின் மிகச் சிறிய நிஜக் கிண்ணம், தட்டு, கரண்டி, குட்டி வாளி என்று நாலைந்து எடுங்கள். வளர்ந்தபின் அவை சமையலறைக்கே திரும்பி வரும், ஒரு ரூபாயும் வீணில்லை.

குறையும் உண்டு. மார்கழிக் காலையில் ஊட்டியில் எவர்சில்வரைத் தொட்டால் சில்லென்று இருக்கும், சில பிள்ளைகள் கையை உதறிவிடும். சிமென்ட் தரையில் விழுந்தால் பக்கத்து வீட்டுக்கே கேட்கும். இரவு ஷிஃப்ட் முடிந்து தூங்குபவர் இருக்கும் வீட்டில் பாய் விரித்து விளையாடச் சொல்ல வேண்டும்.

## வீட்டுச் சாமானும் அட்டைப்பெட்டியும்

ஒன்று முதல் மூன்று வயது வரைக்கும் இதை மிஞ்ச எதுவும் இல்லை. டம்ளர், மத்து, இட்லித் தட்டு, முறம், பழைய கைப்பை, அப்பாவின் மஃப்ளர். அடுப்படியின் கீழ்த்தட்டு ஒன்றைக் காலி செய்து பிள்ளைக்கென்று ஒதுக்கிவிடுங்கள். உடையாத பாத்திரம் பத்து அங்கே இருந்தால் நீங்கள் சமைக்கும் நேரமெல்லாம் அதுவும் சமைக்கும்.

மளிகைக் கடையில் கேட்டால் பெரிய அட்டைப்பெட்டி கிடைக்கும். ஓட்டை போட்டால் டிக்கெட் கவுன்டர், கவிழ்த்தால் அடுப்பு, இரண்டைக் கோத்தால் மலை ரயில். மழைக்காலத்தில் இரண்டு வாரம் தாங்கினால் பெரிது. போகட்டும், அடுத்த பெட்டி இருக்கிறது.

காசு செலவில்லை என்பதால் எதையும் கொடுத்துவிடலாம் என்று இல்லை. காலியான மாத்திரை அட்டை, சிரப் பாட்டில் ஆகியவற்றை டாக்டர் விளையாட்டுக்குக் கொடுக்கவே வேண்டாம். நாளை மாத்திரை உள்ள அட்டையும் அதற்கு விளையாட்டுச் சாமானாகத்தான் தெரியும். பழைய ஃபோன், ரிமோட் என்றால் பேட்டரியை எடுத்துவிட்டுக் கொடுங்கள். பாலித்தீன் பை கூடாது. கழுத்தில் சுற்றும் துப்பட்டா, நீளக் கயிறு கூடாது.

மலைக்கே உரிய எச்சரிக்கை ஒன்று. நம் பிள்ளைகள் இலை தழையைப் பறித்துச் "சமைப்பார்கள்". வேலியோரம் பெரிதாகத் தலைகீழாகத் தொங்கும் வெள்ளை, மஞ்சள் ஊமத்தைப் பூ கடும் விஷம். உண்ணிச்செடியின் பச்சைக் காயும் ஆகாது. ஓடைக்கரையில் வெள்ளையாகச் சுருண்டு பூக்கும் கல்லா லில்லியின் தண்டைக் கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். இலைச் சமையலுக்குக் கொத்தமல்லிக் காம்பு, முட்டைக்கோஸ் மேல்தழை, கேரட் தழை என்று சமையலறைக் கழிவையே ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

இதன் உண்மையான விலை உங்கள் நேரம். முதல் சில நாள் கூட உட்கார வேண்டும், "எனக்கு ஒரு டீ கொடுங்க அக்கா" என்று கடைக்கு வாடிக்கையாளராகப் போக வேண்டும். காலை ஏழுக்கே இலை பறிக்கக் கிளம்பும் அம்மாவால் அது எல்லா நாளும் முடியாது. அப்படிப்பட்ட வீட்டில், பார்த்துக்கொள்ளும் பாட்டிக்குக் கண்பார்வை மங்கல் என்றால், துண்டு எண்ணிக்கை குறைவான, பெரிய அளவுச் சாமான் வாங்கி வைப்பதுதான் பத்திரம்.

## வேட உடை

போலீஸ், டாக்டர் கோட் வாங்குவது பெரும்பாலும் பள்ளி மாறுவேடப் போட்டிக்காக. ஒரு நாளைக்கு மேல் பயனில்லை, ஒரு வருடத்தில் சிறிதாகிவிடும், மழையில் காய மூன்று நாள். அப்பாவின் பழைய வெள்ளைச் சட்டையில் கையை மடித்துவிட்டால் டாக்டர் வந்துவிட்டார்.

## சில வீடுகள், சில முடிவுகள்

ஒன்றரை வயது, பட்ஜெட் முந்நூறு: எதுவும் வாங்க வேண்டாம். கீழ்த்தட்டும் துணிப்பொம்மை ஒன்றும் போதும். மீதிப் பணத்தை மூன்றாவது பிறந்தநாளுக்கு வைத்திருங்கள்.

மூன்று வயது, ஒரே பிள்ளை, ஐந்நூறு ரூபாய்: இருநூற்றைம்பதுக்கு முத்திரை உள்ள, பேட்டரி இல்லாத டாக்டர் செட். மீதிக்குப் பொறுக்கி எடுத்த எவர்சில்வர்.

மூன்று வயதுப் பிள்ளையும் ஒரு வயதுப் பிள்ளையும் உள்ள வீடு: பெரியவளுக்கு வாங்கும் எல்லாமே சின்னவன் வாய்க்குள் போகும். சின்னவன் வயதைக் கணக்கில் வைத்தே வாங்குங்கள். சின்னத் துண்டுகள் மூடி போட்ட டப்பாவில், உயரமான தட்டில்.

ஐந்து வயது, பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிள்ளை: செட் தேவையில்லை. கடை விளையாட்டுக்குப் பழைய பில் புத்தகம், ஒரு தராசு, டீச்சர் விளையாட்டுக்கு ஒரு சிலேட்டு, சாக்பீஸ். எண்ணும் எழுத்தும் அதிலேயே ஓடும்.

ஒரே லைனிலோ ஹட்டியிலோ (படகர் ஊர்) ஒரே வயதுப் பிள்ளைகள் உள்ள மூன்று வீடுகள்: ஒரு வீடு டாக்டர் செட், ஒரு வீடு எவர்சில்வர், ஒரு வீடு மரச்சொப்பு என்று வாங்கி, மாதத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு மாதா மாதம் புதுச் சாமான் வந்ததுபோல் இருக்கும். கைமாறும் முன் பிளாஸ்டிக்கையும் எவர்சில்வரையும் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், மரத்தைத் துடைத்தால் போதும். ஒவ்வொரு முறையும் அட்டைக்குழாயை எடுத்து ஒருமுறை சோதியுங்கள். போன மாதம் முழுதாக இருந்த பொருளில் இந்த மாதம் ஒரு துண்டு உடைந்திருக்கலாம்.